வாடைக்கு முன் ஒரு 121: திருகோணமலையில் 268,000 கிலோமீற்றர் ஓடிய கொரோலாவின் சேவிஸ்

ஆய்வுக்கு எடுத்த வண்டி 2002ஆம் ஆண்டு டொயோட்டா கொரோலா, இலங்கையில் எல்லோரும் ‘121’ என்று சொல்லும் ரகம். எஞ்சின் 1என்இசட்-எஃப்ஈ, 1,496 சிசி, டைமிங் செயின், ஒட்டோ கியர். மீற்றரில் 268,000 கிலோமீற்றர். உப்புவெளியில் கடற்கரையிலிருந்து சில நூறு மீற்றர் தள்ளிய மணல் முற்றத்தில், பக்கச் சுவர் இல்லாத தகரக் கொட்டகைக்குள் நிற்கிறது. வேலை நாட்களில் நகரத்துக்குப் போய் வரும் நான்கைந்து கிலோமீற்றர், மாதத்தில் ஓரிரு தரம் கந்தளாய், எப்போதாவது கொழும்பு.

கடைசி ஒயில் மாற்றத்தின்போது ஒட்டிய ஸ்டிக்கர் அடுத்ததை 5,000 கிலோமீற்றரில் செய்யச் சொன்னது. 14 மாதத்தில் ஓடியது 3,100 மட்டும். ஆகவே சேவிஸுக்கு இன்னும் காலம் இருக்கிறது என்றே உரிமையாளர் நினைத்திருந்தார். ஆனால் வண்டி நான்கு குறைகளைக் காட்டியது: ஒயில் குறைகிறது, காலையில் ஸ்டார்ட்டர் இழுத்து இழுத்துச் சுற்றுகிறது (பற்றரி மாற்றியும் மாறவில்லை), ஏசி போட்டு நிறுத்தி வைத்தால் வெப்ப முள் மேலே ஏறுகிறது, பிரேக் பிடித்தால் வண்டி இடப்பக்கம் இழுக்கிறது.

நான்கும் வேறு வேறு பழுதுகள்தான். ஆனால் நான்கிலும் தூரத்தின் பங்கைவிடக் காலத்தின் பங்கும் கடற்காற்றின் பங்கும் கூட. கந்தளாயில் நிற்கும் இதே வயது வண்டிக்குக் கிலோமீற்றர் கணக்கு ஓரளவு போதும். கிழக்குக் கரையில் நிற்கும் வண்டிக்குக் கணக்கைக் காற்றுத்தான் எழுதுகிறது. ஐப்பசி கடந்தால் வாடைக்காற்று கடலிலிருந்து உப்பையும் ஈரத்தையும் சேர்த்துக் கொண்டுவந்து வண்டியின் அடியில் பூசுகிறது. வைகாசிக்குப் பிறகு கச்சான் காற்று காய்ந்த வெப்பத்தையும் புழுதியையும் கொண்டுவருகிறது. ஆகவே வருடத்தில் இரண்டு சேவிஸ், புரட்டாதியில் ஒன்று, பங்குனியில் ஒன்று, எத்தனை கிலோமீற்றர் ஓடியிருந்தாலும். கீழே வருவது புரட்டாதிச் சேவிஸ்.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. அந்த இடைவெளியில் இருபது வயது வண்டிகளை விற்காமல் வைத்துக்கொண்ட வீடுகள் ஏராளம். அவற்றைச் சரியாகப் பராமரித்தால் இன்னும் பல வருடம் ஓடும் என்பதில் சந்தேகம் இல்லை.

சாமான் வாங்குவதற்கு முன்

பட்டியல் எழுதிக்கொண்டு முதலில் கடைக்குப் போவதுதான் பெரும்பாலானோர் செய்வது. பழைய வண்டியில் அது காசை வீணாக்கும். முதலில் கழுவிப் பார்க்க வேண்டும், பிறகு அளக்க வேண்டும், அதன் பிறகுதான் வாங்க வேண்டும்.

அடிப்பாகத்தை நல்ல தண்ணீரால், அழுத்தம் குறைத்து, சக்கர வளைவு, பின் அச்சு, கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் ‘சில்’ என்ற தகரச் சட்டம் எல்லாவற்றிலும் நிதானமாகக் கழுவ வேண்டும். கரையோரக் கிணறுகள் பலவற்றில் தண்ணீரே உவர். நாக்கில் உப்புத் தெரிந்தால் அந்தத் தண்ணீர் வேண்டாம், குழாய்த் தண்ணீரை எடுங்கள். சில்லின் அடியில் தண்ணீர் வடியும் சிறு துளைகள் மண்ணால் அடைபட்டிருக்கும். ஒரு கேபிள் டையை உள்ளே விட்டுக் கிண்டினால் திறக்கும். இந்த வண்டியில் இடப்பக்கத் துளைகள் அடைபட்டிருந்தன. திறந்ததும் துருக்கலந்த தண்ணீர் வடிந்தது. துரு உள்ளிருந்து வெளியே வருவது இப்படித்தான்.

ஜக் வைப்பதில் மணல் முற்றம் ஆபத்தான இடம். ஜக்கும் ஸ்டாண்டும் ஒரு பக்கமாகப் புதைந்து சாயும். குறைந்தது 30 சென்ரிமீற்றர் அகலமும் 4 சென்ரிமீற்றர் தடிப்பும் உள்ள பலகையை ஒவ்வொன்றின் கீழும் மட்டமாக வைக்க வேண்டும். மரம் பனையோ தேக்கோ, வெடிப்பு இருக்கக் கூடாது. தூக்காத சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை கொடுத்து, ஸ்டாண்டில் இறக்கியபின் வண்டியைக் கையால் ஆட்டிப் பார்த்து, அதன் பிறகே கீழே போக வேண்டும். ஜக்கை மட்டும் நம்பி ஒரு கையைக்கூட உள்ளே விடக்கூடாது. சில்லில் துரு ஏறிய வண்டியில் ஜக் முனை தகரத்தைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகவும் கூடும். தூக்கும் இடத்தை முதலில் ஸ்குரூ டிரைவர் பிடியால் தட்டிப் பாருங்கள். மந்தமான சத்தம் வந்தால் அங்கே தூக்காதீர்கள்.

ஸ்டார்ட்டர்: பழி பற்றரிமேல், பிழை ஏர்த்தில்

பற்றரி ஓய்வில் 12.6 வோல்ட். எஞ்சின் ஓடும்போது 14.1. இரண்டும் சரி. அப்படியானால் மின்சாரம் போகும் வழியைத்தான் பார்க்க வேண்டும். ஈஎஃப்ஐ (எரிபொருள் செலுத்தும் அமைப்பு) பியூஸைக் கழற்றிவிட்டால் எஞ்சின் ஸ்டார்ட் ஆகாமல் சுற்ற மட்டும் செய்யும். மல்ரிமீற்றரின் ஒரு முனையை பற்றரியின் நெகற்றிவ் கம்பத்திலும் மறுமுனையை எஞ்சின் புளொக்கின் வெறும் உலோகத்திலும் பிடித்துக்கொண்டு, இன்னொருவரைச் சாவி திருப்பச் சொல்ல வேண்டும். சுற்றும்போது 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது. இந்த வண்டி 0.6 காட்டியது.

பற்றரியின் நெகற்றிவ் பக்கத்தை வண்டியின் உலோகத்தோடு இணைக்கும் ஏர்த் வயரின் நுனியைக் கழற்றியபோது அதன் கண்ணிக்குக் கீழே பச்சைப் பூஞ்சணம் போல் செப்புத் துருவும், வண்டி உடலின் தகரத்திலும் போல்ற்றிலும் செந்துருவும் இருந்தன. இரண்டு பக்கத்தையும் வெறும் உலோகம் தெரியும்வரை எமரித் தாளால் தேய்த்து, 10 மில்லிமீற்றர் போல்ற்றை இறுக்கி, அதற்கு மேலே வசிலின் பூசியதும் அளவு 0.08க்கு இறங்கியது. பூசுவது இறுக்கிய பிறகுதான். எமரித் தாளின் விலையில் தீர்ந்த பழுதுக்குப் புதுப் பற்றரியே வாங்கப்பட்டிருந்தது. பற்றரி கழற்றும்போது நெகற்றிவ் முதலில், பூட்டும்போது நெகற்றிவ் கடைசியில்.

ஒயில் எங்கே போகிறது

3,100 கிலோமீற்றரில் சுமார் 1.1 லீற்றர் குறைந்திருந்தது. ஆயிரத்துக்கு 350 மில்லிலீற்றர். இந்த வயதில் இதைக் கேட்டதும் ‘ரிங் (பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையம்) போய்விட்டது’ என்று சொல்லிவிடுவார்கள். எஞ்சினைத் திறக்கும் முடிவுக்கு முன் கம்பிரஷன் (சிலிண்டருக்குள் எழும் அழுத்தம்) பார்ப்பது அவசியம். எஞ்சின் சூடாக இருக்க, நான்கு பிளக்கையும் கழற்றி, கொயில்களின் கனெக்டர்களை விலக்கி, ஈஎஃப்ஐ பியூஸை எடுத்து, அக்ஸிலேட்டரை முழுக்க அழுத்திப் பிடித்துச் சுற்ற வேண்டும். இந்த எஞ்சினுக்குப் புதிதில் 213 பிஎஸ்ஐ, குறைந்தபட்சம் 156, சிலிண்டர்களுக்கிடையே வித்தியாசம் 14க்கு மேல் கூடாது. இங்கே வந்தது 186, 183, 180, 184. எஞ்சினைத் திறக்க வேண்டிய தேவை இல்லை. ஆனால் கம்பிரஷன் நன்றாக இருந்தாலும் ஒயில் ரிங் மட்டும் கரி பிடித்து இறுகியிருக்கலாம் என்பதை மறக்கக் கூடாது. ரிங்குகளில் கம்பிரஷன் காட்டுவது மேல் ரிங்குகளின் நிலையைத்தான்.

வெளியே பார்த்ததில் இரண்டு காரணம் கிடைத்தது. எஞ்சினின் மேல் மூடியான டெப்பெட் கவரின் கஸ்கட் கல்லாக இறுகி, பின்பக்கம் ஒயில் வழிந்திருந்தது. மூன்றாவது பிளக் குழிக்குள்ளும் ஒயில் நின்றது. எஞ்சினுக்குள் சேரும் வாயுவை வெளியே எடுக்கும் பிசிவி வால்வைக் கழற்றி ஆட்டினால் ‘டக் டக்’ என்று சத்தம் வர வேண்டும். வரவில்லை, சேறு பிடித்து ஒட்டியிருந்தது. அது அடைபட்டால் எஞ்சினுக்குள் வாயு அழுத்தம் ஏறி, ஒயிலைச் சீல்கள் வழியே வெளியே தள்ளும். கஸ்கட்டை மாத்திரம் மாற்றி வால்வை விட்டால் சில மாதத்தில் மறுபடி ஒழுகும். இரண்டையும் ஒன்றாக மாற்றுங்கள். கவர் போல்ற்றுகளுக்கு 10 நியூட்டன் மீற்றர் போதும், நடுவிலிருந்து வெளிப்பக்கமாகச் சிறிது சிறிதாக. அலுமினியத் தலையில் பலம் காட்டினால் மரை கழன்று கையோடு வரும்.

பிளக் 16 மில்லிமீற்றர் சொக்கட்டில் வரும். இடைவெளி 1.1 மில்லிமீற்றர், இறுக்கம் 18 நியூட்டன் மீற்றர், எஞ்சின் ஆறிய பிறகு. புதுப் பிளக்கை முதலில் விரலால் முழுக்க ஏற்றிவிட வேண்டும். விரலுக்கு வராவிட்டால் மரை கோணலாக ஏறுகிறது என்று அர்த்தம். கழற்றி மறுபடி தொடங்குங்கள்.

இனி ஒயில். நான்கு கிலோமீற்றர் ஓட்டத்தில் கூலன்ட் சூடாகும், ஒயில் சூடாகாது. அதற்குள் சேரும் தண்ணீரும் எரியாத பெற்றோலும் ஆவியாகிப் போக வழியே இல்லை. மூடியின் உட்பக்கத்தில் வெண்ணெய் நிறத்தில் படிந்திருந்தது அந்தக் கலவைதான். (கூலன்ட் குறையாமல், ஒயில் ஸ்டிக்கில் பால் நிறம் இல்லாமல் இருந்தால் ஹெட் கஸ்கட் என்று பயப்படத் தேவையில்லை.) 14 மாதம் இப்படிக் கிடந்த ஒயில் 3,100 கிலோமீற்றரில் பழசாகிவிட்டது. இப்படி ஓடும் வண்டிக்கு ஆறு மாதமே எல்லை.

எஞ்சின் மிதமாகச் சூடாக இருக்கும்போது 14 மில்லிமீற்றர் டிரெயின் பிளக்கைக் கழற்றி, சொட்டுவது நிற்கும்வரை பொறுத்திருங்கள். வொஷர் ஒவ்வொரு முறையும் புதிது. இறுக்கம் 38 நியூட்டன் மீற்றர். பில்டரைக் கழற்றியதும் பழைய ரப்பர் வளையம் எஞ்சினில் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். அதன் மேல் புதியதைப் பூட்டினால் சில நிமிடத்திலேயே ஒயில் முழுவதும் தரையில் இருக்கும். புது வளையத்தில் ஒயில் தடவி, தொட்டதும் கையால் முக்கால் சுற்று. பில்டருடன் சேர்த்து 3.7 லீற்றர் கொள்ளும். முதலில் 3.4 ஊற்றி, ஒரு நிமிடம் ஓடவிட்டு, நிறுத்தி ஐந்து நிமிடம் கழித்து ஸ்டிக்கைப் பார்த்து மீதியைச் சேருங்கள்.

தெரிவு செய்த ஒயிலின் தடிப்பு எண் 10டபிள்யூ-30. பழைய எஞ்சினுக்குத் தடித்த 20டபிள்யூ-50 என்பது கேட்டுக் கேட்டுப் பழகிய பேச்சு. இந்த எஞ்சினில் விவிடி-ஐ (வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும் அமைப்பு) ஒயில் அழுத்தத்தால் இயங்குகிறது, அதன் ஒயில் வழிகள் மெல்லியவை. தடித்த ஒயில் காலையில் செயினையும் அந்த வழிகளையும் அடையத் தாமதிக்கும். ஆயிரத்துக்கு அரை லீற்றருக்கு மேல் குடிக்கும் வண்டிக்கு 10டபிள்யூ-40 வரை போகலாம். எஞ்சினின் உட்புறத்தைக் கழுவ விற்கும் எஞ்சின் பிளஷ் திரவத்தை ஊற்றவே வேண்டாம். அது கிளப்பிவிடும் கரி ஒயில் பம்பின் வலையில் போய் நிற்கும். அதற்குப் பதிலாக இந்த ஒயிலை 2,000 கிலோமீற்றரில் மாற்றிவிடுவது மெதுவாக, ஆபத்தில்லாமல் சுத்தம் செய்யும்.

வடித்த ஒயிலை மணலில் ஊற்றுவது இன்னும் நடக்கிறது. மணல் நிலத்தில் அது அண்டை வீட்டுக் கிணற்றுக்குப் போக அதிக காலம் எடுக்காது. மூடியுள்ள கானில் சேர்த்து, கழிவு ஒயில் எடுக்கும் சேவிஸ் நிலையத்தில் கொடுங்கள். அதை வண்டியின் அடிச்சட்டத்தில் பூசுவதும் வேண்டாம். துருவை அது நிறுத்துவதில்லை. மண்ணைப் பிடித்துவைக்கும், ரப்பர் புஷ்களை ஊதச் செய்யும்.

ரேடியேற்றர்

இந்த ஆய்வில் முக்கியமான கண்டுபிடிப்பு இங்கேதான். முன்னால் உள்ள ஏசி கண்டென்சருக்கும் ரேடியேற்றருக்கும் இடையில் டோர்ச் அடித்துப் பார்த்தபோது, கீழ்ப்பாதியின் அலுமினிய மடிப்புகள் சாம்பல் நிறமாகி, விரல் பட்டதும் உதிர்ந்தன. வாடைக் காலத்து உப்பு அந்த இடுக்கில் தங்கி வருடக் கணக்கில் தின்றிருக்கிறது. ஓடும்போது காற்று வேகமாகப் புகுவதால் முள் ஏறவில்லை. நின்றதும் பான் (மின்விசிறி) மட்டும் போதவில்லை. உள்ளே கூலன்ட் செம்பழுப்பு நிறம். யாரோ கிணற்றுத் தண்ணீர் சேர்த்திருக்கிறார்கள்.

இந்த நிலையில் ரேடியேற்றரைக் கழுவிப் பயன்படுத்தலாமா என்று கேட்டால், ஒட்டோ வண்டியில் கூடாது என்பதே எங்கள் தீர்ப்பு. கியர் பெட்டியின் ஒயிலைக் குளிர்விக்கும் குழாய் ரேடியேற்றரின் தொட்டிக்குள்ளேதான் இருக்கிறது. அந்தச் சுவர் ஓட்டையானால் கூலன்ட் கியர் ஒயிலில் கலந்து, உள்ளே உள்ள கிளச் தட்டுகளின் பூச்சைப் பெயர்த்துவிடும். ஒரு ரேடியேற்றரை மிச்சம் பிடிக்கப் போய் ஒரு கியர் பெட்டியை இழப்பீர்கள். 20 வருடப் பிளாஸ்ரிக் தொட்டியும் மேல் குழாய்ப் பக்கம் மயிர்போல் வெடிக்கத் தொடங்கியிருந்தது. புதியது பூட்டப்பட்டது. கூடவே மேல், கீழ் ஹோஸ்கள், 1.1 அழுத்தமுள்ள மூடி, 82 பாகையில் திறக்கும் தெர்மோஸ்டாட்.

எஞ்சின் முழுக்க ஆறாமல் மூடியைத் தொடவே கூடாது. கியர் ஒயில் குழாய்களைக் கழற்றியதும் போல்ற் செருகி அடையுங்கள், மண் புகக் கூடாது. பழைய கூலன்டை வடித்து, வடித்த நீர் நிறமில்லாமல் வரும்வரை காய்ச்சி வடித்த நீரால் அலச வேண்டும். கடையில் ‘பற்றரித் தண்ணி’ என்று கேட்கும்போது கவனம்: அசிட் போத்தலும் அதே தட்டில்தான் இருக்கும். பிறகு ரோஸ் நிற நீண்டகாலக் கூலன்ட், கலந்து விற்கும் வகை, ஏறத்தாழ ஐந்து லீற்றர். நம் ஊரில் நீர் உறையாதுதான். ஆனால் கூலன்டின் வேலை இங்கே துருவைத் தடுப்பது. பச்சையுடன் கலக்க வேண்டாம்.

ஹீற்றரை முழுச் சூட்டில் வைத்து மெதுவாக ஊற்றி, ஹோஸ்களைப் பிசைந்து காற்றை வெளியேற்றி, மூடி திறந்தபடி பான் இரண்டு முறை வந்து நிற்கும்வரை ஓடவிடுங்கள். ஏசி போட்டு அரை மணி நின்றபின் முள் பாதிக்குக் கீழேயே நின்றது.

கியர் ஒயில் பழுப்பு நிறம், எரிந்த மணம் இல்லை. 10 மில்லிமீற்றர் அலன் சாவியால் வடித்து, வந்ததை அளந்து (2.9 லீற்றர்), ரேடியேற்றர் மாற்றத்தில் சிந்தியதையும் கூட்டி, ரைப் ரி-IV என்ற வகைக் கியர் ஒயில் அதே அளவு. இப்படி வடித்தால் பாதி ஒயில்கூட வெளியே வராது. ஆகவே இரண்டாம் முறை பங்குனியில். அளவை 70–80 பாகைச் சூட்டில், எல்லாக் கியரிலும் ஒருமுறை போட்டு எடுத்து, எஞ்சின் ஓடும்போதே பார்க்க வேண்டும்.

பிரேக்

இடப்பக்கம் இழுத்ததற்குக் காரணம் வலப்பக்கச் சக்கரத்தில் இருந்தது. அங்கே பேட்களை டிஸ்க்கில் அழுத்தும் கலிப்பர் நகரும் ஊசி (பின்) துருப்பிடித்து இறுகி, உள் பேட் 2 மில்லிமீற்றரும் வெளிப் பேட் 7 மில்லிமீற்றரும் இருந்தன. வலம் பாதிதான் பிடிக்கிறது, வண்டி நன்றாகப் பிடிக்கும் பக்கம் போகிறது. ஊசியைக் கழற்றி 600 எமரித் தாளால் தேய்த்து, அதை மூடும் ரப்பர் உறைகளை மாற்றி, பிரேக்குக்கான சிலிக்கன் கிறீஸ் பூச வேண்டும். வீல் பெயரிங் கிறீஸைப் பூசினால் ரப்பர் ஊதி மறுபடி இறுகும். பேட் இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்றுங்கள். டிஸ்க்கின் குறைந்தபட்சத் தடிப்பு அதிலேயே பொறித்திருக்கும், அளந்து பாருங்கள்.

பின் சக்கரத்தின் பிரேக் டிரம் கழன்று வராவிட்டால் சுத்தியலால் விளிம்பில் அடிக்காதீர்கள். டிரம்மின் முகத்தில் இரண்டு மரைத் துளைகள் உண்டு. 8 மில்லிமீற்றர் போல்ற் இரண்டை மாறி மாறிக் கால் சுற்றாக இறுக்கினால் தானே விலகும். கைப்பிரேக் விட்டிருக்க வேண்டும். உள்ளே உள்ள தூளை வாயாலோ காற்றாலோ ஊதாமல், பிரேக் கிளீனரால் நனைத்துத் துடையுங்கள்.

பிரேக் ஒயில் ஈரத்தை உறிஞ்சும். நம் கரையின் ஈரத்தில் இரண்டு வருடத்துக்கு மேல் விடக் கூடாது. டொட் 3 வகை, தூரச் சக்கரத்திலிருந்து தொடங்கிப் பழையது தெளிவாகும்வரை, மேல் தொட்டி குறையாமல். பழைய வண்டியில் கவனிக்க வேண்டியது ஒன்று: ஒயில் எடுக்கும்போது பெடலைத் தரைவரை அழுத்தக் கூடாது. பெடலோடு இணைந்த மாஸ்டர் சிலிண்டரில் ரப்பர் ஒருநாளும் போகாத ஆழத்தில் துரு இருக்கும், அங்கே போனால் ரப்பர் கிழியும். பெடலுக்குக் கீழே ஒரு மரக்கட்டை வைத்தால் போதும். நேற்றுவரை நன்றாக இருந்த பிரேக், ஒயில் மாற்றிய பிறகு மெல்ல மெல்ல இறங்குகிறது என்ற முறைப்பாட்டுக்கு இதுவே வழமையான காரணம்.

நாங்களே செய்யாமல் விட்டது ஒன்று. பின் அச்சுக்கு மேலே போகும் இரும்புப் பிரேக் குழாயில் துரு பொருக்காகி, நகத்தால் சுரண்டியதும் குழி தெரிந்தது. அதன் நுனியை இரட்டை மடிப்பாக விரிக்கும் கருவியும் கைப்பழக்கமும் இல்லாமல் இதைத் தொடக் கூடாது. குழாய் மாற்றப்படும்வரை வண்டி வீதிக்கு எடுக்கப்படவில்லை; மெக்கானிக் முற்றத்துக்கே வந்து புதுக் குழாய் பூட்டிக் கொடுத்தார். ஒயில் எடுக்கும் வேலை அதற்குப் பிறகுதான் செய்யப்பட்டது.

மற்றவை சுருக்கமாக: எயார் பில்டர் மாற்றம், துரொட்டில் கரி துடைப்பு, பெல்ட் பிளவில்லை, விடப்பட்டது. டயரின் பக்கத்தில் உள்ள நான்கு இலக்கம் தயாரித்த வாரமும் வருடமும். ஆறு வருடம் தாண்டிய இரண்டு டயர் மாற்றப்பட்டன, பூ (தரையில் படும் வெட்டு) நிறைய இருந்தும். சக்கர நட்டு 103 நியூட்டன் மீற்றர், நட்சத்திர வரிசையில். அடியில் மேல்துரு உள்ள இடங்களைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, துருமாற்றி, சிங்க் பிறைமர், பெயின்ட். சில்லின் உள்ளே மெழுகு ஸ்பிறே, ஆனால் வடிகால் துளைகளை மூடாமல்.

1,000 கிலோமீற்றருக்குப் பிறகு

கூலன்ட் ஒருமுறை 100 மில்லிலீற்றர் குறைந்தது, நிரப்பியபின் குறையவில்லை. உள்ளே மிஞ்சிய காற்று வெளியேறியதால் அப்படி. சக்கர நட்டுகள் 100 கிலோமீற்றரில் மறுபடி பார்க்கப்பட்டன. புகைப் பரிசோதனை சிரமமின்றி முடிந்தது, வருமான அனுமதிப்பத்திரத்துக்குத் தடை இல்லை. ஒயில் 200 மில்லிலீற்றர் குறைந்தது, முன்பு 350. கசிவு நின்ற பிறகும் மிஞ்சும் இந்த 200 பெரும்பாலும் ரிங் வழியே எரிவதாக இருக்கலாம். பங்குனியில் இதே அளவு நின்றால் மாதம் ஒருமுறை ஸ்டிக் பார்த்து ஊற்றிக்கொண்டு ஓடலாம். 500ஐத் தாண்டினால் மட்டுமே ரிங் மாற்றுவதைப் பற்றிக் கதைக்க வேண்டும்.